பார்க்க ஆள் வந்தால் மட்டும் பாடம்

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே பாடம் நடத்துகிற இனம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. உங்கள் ஊரிலும் இருக்கும். எங்கள் அலாஸ்காவில், பெத்தல் விமானத் தளத்தில், அது தோளில் கேப்டனுக்குரிய நாலு பட்டையும் கையில் காப்பிக் கோப்பையுமாக, உலர்த்திய சால்மன் மீனை மென்றபடி ஓடுபாதையோரம் நடமாடும்.

வாடகை விமானக் கம்பெனியில் பயிற்றுநர் ஆவது லேசுப்பட்ட காரியமா? அந்த விமானத்தில் கேப்டனாக உட்காரத் தேவையான உரிமங்கள் வேண்டும், கேப்டனுக்குரிய பயிற்சிகளையும் தேர்வுகளையும் முடித்திருக்க வேண்டும், கற்றுக்கொடுப்பது எப்படி என்று தனியாகக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும், இதெல்லாம் போதாதென்று இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது அரசின் விமானத் துறையிலிருந்து ஒருவர் வந்து பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்க, நிஜமாகவே பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எவ்வளவு அழகான விதிகள்! எனக்கு இவற்றைப் படித்தாலே புல்லரிக்கும். சிரிக்காதீர்கள். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கோ ஒரு மலைச்சரிவில் ஒரு விமானம் நொறுங்கிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் படிப்பேன்.

ஆனால் ஒரு சின்ன ஓட்டை. கற்றுக்கொள்ளும் மாணவர் நிஜமாகவே தெரியாதவராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. எங்கள் பயிற்றுநர் கேப்டன் ராய்ஸ் டாலஃப்சன் அந்த ஓட்டையில் குடித்தனமே நடத்தினார்.

சாதாரண நாளில் அவரிடம் ஏதாவது கேட்டுப் பாருங்கள். "புத்தகத்துல இருக்கு" என்பார். விமானத்தில் நீங்கள் வியர்த்து வழிய ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியே கீழே கடமானைத் தேடுவார். இறங்கியதும், "பரவாயில்ல, போ" என்பார். அவ்வளவுதான் பாடம். பார்வையிட ஆள் வருகிறது என்று தெரிந்தால் மட்டும் குரல் வானொலி அறிவிப்பாளர் குரலாகிவிடும். மாணவனாக நடிக்க ப்ரென்ட் ஹாஸ்கெல் வருவார். எங்கள் தளத்திலேயே மிகத் திறமையான விமானி அவர்; அவருக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றுமே கிடையாது. அதுதான் வசதி! ராய்ஸ் ஒரு இஞ்சினின் சக்தியைக் குறைப்பார். உடனே செத்த இஞ்சினுக்கு எதிர்ப்பக்கத்துக் காலால் மிதிகட்டையை அழுத்தினால் விமானம் நேராகப் போகும். ப்ரென்ட் வேண்டுமென்றே தப்பான காலால் மிதிப்பார். ராய்ஸ், "மறு கால்! மறு கால்!" என்று முழங்குவார். ப்ரென்ட் திடுக்கிட்டுத் திருத்திக்கொள்வார். தரையிறங்கும்போது ராய்ஸ் "பிரமாதம்!" என்பார். கைகுலுக்கல். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை.

இந்த வசந்தத்தில் விமானத் துறை இன்ஸ்பெக்டர் டார்லா ஓஸ்ட்மன் வந்து இறங்கிய நாளில், ப்ரென்ட் அனியாக் என்ற ஊரில் மூடுபனியில் மாட்டிக்கொண்டார்.

மிச்சமிருந்தது லோரீன் நிக்கோரி. நிஜ மாணவி! ஆற்றோர ஊரில் பிறந்தவள், துணைவிமானி. சால்மன் மீன்பிடி காலம் தொடங்குவதற்குள் கேப்டன் பயிற்சியை முடிக்காவிட்டால் அந்த இருக்கை தெற்கேயிருந்து வரும் யாரோ ஒருவனுக்குப் போய்விடும். ராய்ஸ் தேறினால்தான் அவளுக்குப் பயிற்சி. எங்களுக்கு வேறு பயிற்றுநர் கிடையாது.

ராய்ஸ் அவளை ஓரமாக இழுத்துப்போனார்.

"இந்தா பாரும்மா, இடது இஞ்சினைக் குறைப்பேன். நீ தப்பான காலால மிதி. ஒரே ஒரு தடவை."

"அய்யோ கேப்டன், எனக்கு ஒழுங்கா வர்றதே அது ஒண்ணுதான்!"

"அதனாலதான் சொல்றேன். நீ நிஜமாவே தப்புப் பண்ணினா எனக்கு எப்படித் தெரியும்?"

எடை சரியாக இருக்கட்டும் என்று, கம்பெனியில் கணக்கெழுதும் என்னையும் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள். மேலே போனதும் இடது இஞ்சின் தணிந்தது. லோரீனின் வலது கால் சட்டென்று இறங்கியது. சரியான கால்! விமானம் கோடு போட்டது போல நேராகப் போனது.

"மறு கால்! மறு கால்!" என்று முழங்கினார் ராய்ஸ். வாய்ப்பழக்கம்.

லோரீனின் கழுத்து சிவந்தது. கால் அசையவில்லை. "சரியான கால்தான் கேப்டன். மாத்தினா கவுந்துடுவோம்."

பிறகு தரையிறங்கினோம். அவள் கண்டபடி வேகமாக வந்தாள். விமானம் மிதந்தது, மிதந்தது, பாதி ஓடுபாதை தாண்டித்தான் சக்கரம் பட்டது. ராய்ஸ் கணீரென்று, "பிரமாதம்!" என்றார்.

இறங்கியதும் ஓஸ்ட்மன் கேட்டார்: "கேப்டன், அந்தப் பொண்ணு சரியாப் பண்ணினதைத் திருத்தினீங்க. தப்பாப் பண்ணினதைப் பாராட்டினீங்க. நடுவுல எங்கயாவது பாடம் நடந்துச்சா?"

ராய்ஸ் காப்பிக் கோப்பையைத் தேடினார்.

ஓஸ்ட்மன் லோரீன் பக்கம் திரும்பினார். "உனக்கு எதுலம்மா உதவி வேணும்?"

"இறங்குறதுல மேடம். விமானம் நிக்கவே மாட்டேங்குது. ஏன்னு யாரும் சொல்லல."

"அப்ப சாப்பிட்டு வாங்க கேப்டன். அதை மட்டும் சொல்லிக் குடுங்க. அதுக்கப்புறம் முடிவு பண்றேன்."

மதியம் மறுபடி ஏறினோம். ராய்ஸுக்கு ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் மனிதர் அவள் கைகளைப் பார்த்தார்! முதல் தடவை வேகமாகவே வந்தாள்.

"வேகமா வர்ற. ஏன்?"

"மெதுவா வந்தா விழுந்துடுவோமோன்னு பயம்."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "எனக்கும் இருந்துச்சு. சரி, நான் வேகமானியைப் பார்த்துச் சத்தமாப் படிச்சுக்கிட்டே வர்றேன். நீ ஓடுபாதையை மட்டும் பாரு."

அடுத்ததற்கடுத்த சுற்றில் சக்கரங்கள் தொட வேண்டிய இடத்தில், தொட்டதே தெரியாமல் தொட்டன. என்னால் தாங்க முடியவில்லை. நான் விம்மியது எல்லார் ஹெட்செட்டிலும் கேட்டுவிட்டது.

"எடைக்கு ஏத்தின மூட்டை அழுவுது" என்றார் ஓஸ்ட்மன்.

ராய்ஸ் தேறினார். சால்மன் காலத்துக்கு லோரீன் கேப்டன். ராய்ஸ் திருந்திவிட்டார் என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், விமானக் கொட்டகைக்குள் அவர் ப்ரென்ட்டிடம் பேசியதைக் கேட்கும்வரை.

"அடுத்த தடவை கால் சமாச்சாரம் வேணாம். நீ வேகமா வா. நான் 'ஏன்?'னு கேப்பேன். நீ 'பயம்'னு சொல்லு. அப்புறம் நான் கொஞ்ச நேரம் பேசாம இருப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"பின்னால இருக்கறவங்க மனசைத் தொடற அளவுக்கு."

சிரிக்கிறீர்கள். நல்லது. விருந்தாளி வந்ததும் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பீர்களே, அதற்கு அவனுக்குப் பதில் தெரியும் என்று தெரிந்துதானே கேட்கிறீர்கள்? அவனுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, காத்திருந்தது கடைசியாக எப்போது? உடனே பதில் சொல்ல வேண்டாம். யோசித்தே சொல்லுங்கள். இப்போது உங்களை யாரும் பார்க்கவில்லை.