தள்ளுநர் வகுப்பு

மிதிவண்டி என்பது ஏறி உட்கார்ந்து மிதித்துப் போவதற்கான சாதனம் என்று மக்கள் அறியாமையால் நம்பிவந்த காலம் அது. வியட்நாமில் போர் முடிந்து சைகோனுக்குப் புதுப் பெயர் வைத்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அரிசிக்குச் சீட்டு, மீனுக்குச் சீட்டு, சோப்புக்குச் சீட்டு என்றிருந்த ஊரில் சைக்கிளுக்கு மட்டும் சீட்டு கிடையாது. முழு சைக்கிளை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. வருஷக் கடைசியில் ஒவ்வொரு அலுவலகத்திலும் குலுக்கல் நடக்கும். ஒருவருக்கு டயர் விழும், ஒருவருக்குப் பெடல், பாவப்பட்ட ஒருவருக்குக் கைநிறைய ஆரக்கம்பி. அதை வீட்டில் சேர்த்துவைத்து, ஆயுள் இருந்தால் ஒருநாள் சைக்கிள் ஓட்டலாம்.

ஜெர்மேனுக்கு ஆயுள் இருந்தது. செயின்தான் இல்லை.

அவள் பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் குடியேறிய காரைக்கால் குடும்பத்துப் பெண். சொந்தக்காரர்கள் எல்லாம் பிரான்சுக்குக் கப்பலேறிவிட, அவளும் கணவன் பியேரும் இங்கேயே தங்கிவிட்டார்கள். பொத்தான் உற்பத்தி இயக்ககத்தில் அவள் தட்டச்சு வேலை பார்த்தாள். அந்த இயக்ககம் இதுவரை பொத்தான் எதுவும் செய்ததில்லை. செய்யவேண்டிய பொத்தான்களைப் பற்றி அறிக்கை செய்யும். அலுவலகம் விட்டு மீன் கடைக்கு நடந்து போய்ச் சேரும்போது தினமும் கதவு சாத்தியிருக்கும். சைக்கிள் ஓடினால் மீன் உண்டு, ஓடாவிட்டால் கீரைத்தண்டு. அவள் வாழ்க்கை அந்த ஒரு செயினில் நின்றது. செயின் இல்லாத சைக்கிளை வீட்டில் விட்டால் மாலைக்குள் மிச்சமும் காணாமல் போகும் என்பதால், தினமும் அதைத் தள்ளிக்கொண்டேதான் வேலைக்கு வருவாள்.

அந்த வருஷம் இயக்குநர் லோக் வடக்கே பயிற்சிக்குப் போய்த் திரும்பினார். போனபோது சாதாரண மனிதராகத்தான் போனார். வந்ததும், குலுக்கல் என்பது மூடநம்பிக்கையின் எச்சம் என்று அறிவித்தார். இனி உதிரிபாகங்கள் விஞ்ஞான முறைப்படி, அவரவர் ஓட்டும் பாணிக்கு ஏற்ப வழங்கப்படும். வேகமாகப் போகிறவர் விரைவு ஓட்டுநர், அவருக்குச் செயின். மூட்டை ஏற்றுகிறவர் சுமை ஓட்டுநர், அவருக்கு கேரியர். மனைவியைப் பின்னால் வைத்துப் போகிறவர் இணை ஓட்டுநர், அவருக்கு ஒரு மெத்தை. நாட்டைப் பற்றி யோசித்தபடி மெதுவாகப் போகிறவர் சிந்தனை ஓட்டுநர். அவருக்குப் புது இருக்கையும் டைனமோ விளக்கும். சிந்தனை ஓட்டுநர்கள் எல்லோரும் தற்செயலாக அதிகாரிகளாகவே இருந்தார்கள்.

பாணியை நிர்ணயிக்கும் நாளன்று லோக் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை உற்றுப் பார்த்தார். ஜெர்மேன் வழக்கம்போலத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் முகம் மலர்ந்தது. அவருடைய விஞ்ஞானத்துக்கே புதிதான ஒரு வகுப்பு அது.

"தள்ளுநர்" என்றார். வியட்நாமிய மொழியில் சொன்னாலும் அதே கம்பீரம்தான். "இவருக்கு ஒரு ஜோடி டயர் செருப்பு."

"தோழர் இயக்குநர், எனக்கு வேண்டியது செயின்" என்றாள் ஜெர்மேன்.

"தள்ளுகிறவருக்குச் செயின் எதற்கு?"

"செயின் இல்லாததால்தான் தள்ளுகிறேன்."

"காரணத்தை நாங்கள் அளப்பதில்லை, தோழர். பாணியைத்தான் அளக்கிறோம். ஆட்சேபம் இருந்தால் நாளை ஓட்டிக் காட்டுங்கள்."

ஓட்டிக் காட்டச் செயின் வேண்டும். அது சேஷாசலத்திடம் இருந்தது. கிடங்குப் பொறுப்பாளரான அவர் பாண்டிச்சேரிக்காரர். பழைய குலுக்கல் ஒன்றில் விழுந்த செயினைத் துணியில் சுற்றி மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

"முசியே, ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும் குடுங்க" என்று கேட்டாள்.

"ஏம்மா ஜெர்மேன், அத நம்பித்தான நான் உக்காந்திருக்கேன். செயின் வந்தாச்சு, இனிமே சைக்கிள் ஒண்ணுதான் பாக்கி."

"பத்திரமாத் திருப்பித் தரேன். மாதா மேல சத்தியம்."

"மாதா தருவாங்க. நீ தருவியான்னுதான் கேக்குறேன்" என்று முனகிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

மறுநாள் காலை ஜெர்மேன் சைக்கிள் ஓட்டினாள். பாலத்து இறக்கத்தில் காற்று முகத்தில் அடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு சுகத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டா இத்தனை நாள் பக்கத்தில் நடந்தோம் என்று நினைத்தாள். வாசலில் லோக் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயத்துக்கு இடமில்லை. விரைவு ஓட்டுநர்."

"அப்படியானால் செயின் கிடைக்குமா?"

அவர் குனிந்து சைக்கிளைப் பார்த்தார். "அதுதான் இருக்கிறதே."

"இது இரவல்."

"செயின் சுற்றியதா இல்லையா?"

"சுற்றியது."

"தேவை பூர்த்தியாகிவிட்டது. தள்ளுநருக்கான செருப்பை மட்டும் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

மாலையில் செயினையும் செருப்பையும் உரிய இடங்களில் ஒப்படைத்துவிட்டு அவள் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கோபத்தில் கண்ணீர் வந்தது. பியேர் கீரைத்தண்டை நறுக்கிக்கொண்டிருந்தான்.

"அவரு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றான் பியேர்.

"இருக்கு. அதான் வயித்தெரிச்சல்" என்றாள்.

ஆனால் அலுவலகத்தில் மற்றவர்கள் முட்டாள்கள் இல்லை. செயின் வரும் என்று பேச்சுதான் இருந்தது. செருப்போ கையில் கிடைத்தது, சந்தையில் அதற்கு நல்ல விலையும் இருந்தது. மறுவாரமே கணக்கர் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் சைக்கிளில் செயின் இருந்தது. கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு காவலாளி. பிறகு இணை ஓட்டுநர்கள் மனைவியோடு, மனைவி ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக. கடைசியில் சிந்தனை ஓட்டுநர்களும் சிந்தித்துப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டார்கள். ஜெர்மேன் திரும்பவும் செருப்புக்கு மனுப் போட்டாள். அவள் நிரூபிக்கப்பட்ட விரைவு ஓட்டுநர் என்பதால் மனு தள்ளுபடியானது.

இந்த நிலையில் மேலிடத்திலிருந்து பார்வையாளர் ஒருவர் வந்தார். அவர் கண்முன்னே இயக்ககம் முழுவதும் வரிசையாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் நுழைந்தது.

"யாருமே ஓட்டவில்லையே" என்றார் அவர்.

திட்டம் தோற்றது என்று சொல்ல லோக்கின் பயிற்சியில் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. "ஓட்டுவதைக் கடந்துவிட்டார்கள்" என்றார். "தள்ளினால் டயர் தேயாது, கிரீஸ் மிச்சம், விபத்து இல்லை. முக்கியமாக, யாரும் யாரையும் முந்துவதில்லை. சமத்துவத்தின் உயர்ந்த நிலை இது."

பார்வையாளர் நெகிழ்ந்துபோனார். பெட்ரோல் தட்டுப்பாட்டால் அவருடைய ஜீப்பும் தெருமுனையிலிருந்து தள்ளித்தான் கொண்டுவரப்பட்டிருந்தது. அதுவரை அதற்காக வெட்கப்பட்டவர், இப்போது நிமிர்ந்து நின்றார். இந்த முன்மாதிரியை எல்லா அலுவலகங்களும் பின்பற்றுமாறு சுற்றறிக்கை போயிற்று.

அதிகாரம் ஆரம்பித்து வைத்ததை நாகரிகம் பிடித்துக்கொண்டது. பென் தான் என்ற பெரிய சந்தையின் பக்கம் தலை வாரிய இளைஞர்கள் ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளி, மறுகையைப் பாக்கெட்டில் விட்டு நடந்தார்கள். தையற்காரர்கள் தள்ளுவதற்கென்றே கீழே அகன்ற கால்சட்டை தைத்தார்கள். காதலர்கள் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு உலாவினார்கள். பெற்றவர்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது. யாராவது ஏறி உட்கார்ந்து போனால், பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ என்று பார்த்தார்கள்.

பேச்சாக இருந்த செயின்கள் கடைசியில் வந்து கிடங்கில் குவிந்தன. கேட்க ஆளில்லை. ஒருநாள் சேஷாசலமே ஜெர்மேனைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, புதுச் செயின் எலி ஓடுற எடத்துல கெடக்கு. உனக்கு வேணுங்கறத எடுத்துக்க."

"பாணி கேக்க மாட்டாங்களா?"

"கழிவுப்பொருளுக்கு ஏதும்மா பாணி?"

அன்றிரவு பியேர் செயினை மாட்டி எண்ணெய் விட்டான். பெடலைச் சுற்றினால் சத்தமே இல்லை. இரண்டு பேரும் மாறி மாறிச் சுற்றிப் பார்த்தார்கள். நாளைக்கு மீன் குழம்பு என்று புளியைக்கூட எடுத்து வைத்தாள்.

காலையில் சைக்கிளைச் சந்துக்கு வெளியே கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டு ஜிசேல் அகன்ற கால்சட்டையும் டயர் செருப்புமாகத் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"செயினா? பளபளன்னு நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஜிசேல். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏறியா போகப்போற?"

தெருவில் எல்லோரும் நிதானமாக, அழகாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜெர்மேன் சைக்கிள் இருக்கையைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள்.

"சேச்சே. சும்மா மாட்டி வச்சிருக்கு. வா, போவோம்."

மாலையில் அவள் போய்ச் சேர்ந்தபோது மீன் கடை சாத்தியிருந்தது. வாசலில் பெருங்கூட்டம், எல்லோரும் அப்போதுதான் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள். நேரத்துக்கு ஒருவர்கூட வராததால் அன்றைய மீன் மொத்தமும் உள்ளேயே இருந்தது, வாடை தெருவரை அடித்தது. யாரும் குறை சொல்லவில்லை. சிறிது நேரம் ஒருவர் கால்சட்டையை ஒருவர் பாராட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

பியேர் வாசலிலேயே நின்றிருந்தான். "மீனு?"

"சாத்திட்டாங்க."

"செயின் எப்படி?"

"ரொம்ப உசத்தி" என்றாள் ஜெர்மேன். "துளிகூடத் தேயல."