ஏரம்பு ஞாபகார்த்த விரற்பலகை

யாழ்ப்பாணத்து இசை வரலாற்றை இனி எழுதப் போகிறவர்கள் வாழைத்தோட்டச் சனசமூக நிலையத் தலைவர் திருவாளர் நாகலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையைத் தொடவேண்டும். அவர் தம் வாழ்நாளில் எந்த வாத்தியத்தையும் தொட்டவரல்லர். தொட்டால் நடுநிலைமை கெட்டுவிடுமாம்.

நிலையத்தில் ஒரு யுகலேலே இருந்தது. நான்கு நரம்புள்ள குட்டிக் கிற்றார். அதை வாசிக்கத் தெரிந்த ஒரே பிள்ளை மதுரா. ஆண்டு விழாவில் அவள்தான் வாசிக்க வேண்டும். விரலோ வீங்கிக் கிடந்தது.

"மாமா, விரல் அமத்திற பலகை தட்டையாய்க் கிடக்கு. ஒரு விரலாலை நாலு நரம்பையும் அமத்தேக்கை உயிர் போகுது. கொஞ்சம் வளைஞ்ச பலகை எண்டால் விரல் சுகமாய்ப் படியும்."

நாகலிங்கம் உருகிப்போனார். அன்றைக்கே 'விரல் சுகநல உபகுழு' கூடியது. வடையும் தேநீரும் ஏகமனதாக நிறைவேறின. உபகுழுவின் வேண்டுகோளுக்கிணங்க, கனடாவில் குடியேறியிருந்த ஊர்க்காரர் கோபிசங்கர், காலஞ்சென்ற தம் தகப்பனார் ஏரம்புவின் நினைவாகப் புது யுகலேலே ஒன்றை அனுப்பிவைத்தார். பலகை வாழைமட்டையின் முதுகு போல மெல்ல வளைந்திருந்தது.

"கொஞ்சமும் நோகேல்லை, மாமா!" என்று மதுரா துள்ளினாள்.

சும்மா சொல்லக்கூடாது, சாதாரணத் தலைவர் என்றால் அத்தோடு நிறுத்தியிருப்பார். கோபிசங்கர் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, ஐயாவின்ரை பேர் எங்கை?"

"பின்பக்கத்திலை வடிவாய் எழுதியிருக்கு, தம்பி."

"பின்பக்கத்தை ஆர் பாக்கிறது? அவளின்ரை வயிறோ? சனம் விரலைத்தான் பாக்கும். விரலடியிலை போடுங்கோ. பித்தளையிலை!"

பலகையில் விரல் அமத்தும் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, ஏ, ர, ம், பு என்று நான்கு பித்தளைத் தகடுகள் புடைப்பெழுத்தில் தயாராகின. வளைந்த பலகையில் தட்டைத் தகடு இருக்குமா? ஆடியது. அமரரின் பெயரை வளைப்பது அவமரியாதை என்று உபகுழு தீர்மானித்தது. சுன்னாகத்துத் தச்சர் வந்து, பலகையைச் சீவித் தட்டையாக்கித் தகடுகளை இறுக்கிவிட்டுப் போனார்.

"மாமா, வளைவு எங்கை?"

"இப்பதான் பிள்ளை பேர் ஆடாமல் இருக்கு."

"என்ரை விரல்?"

"விரல் பழகும். பேர் பழகுமே?"

விழாவில் மதுரா கண்ணீர் வழிய வழிய வாசித்தாள். அமரரை நினைத்து அழுகிறாள் என்று சபை நெகிழ்ந்தது. நாகலிங்கமும் மூக்கைச் சிந்திக்கொண்டார். பாட்டு முடிந்ததும் அவளுடைய இடது கையைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார். ஆகா! மூன்று விரல் நுனிகளிலும் இரத்தச் சிவப்பாய் ஏ, ர, ம் பதிந்திருந்தன. இடம்வலம் மாறியிருந்தாலும் எழுத்துப்பிழை இல்லை. படம் உடனே கனடாவுக்குப் பறந்தது.

பதிலும் உடனே வந்தது. வாசித்த தலைவரின் முகம் சுருங்கியது.

"'பு'வைக் காணேல்லையாம்."

மதுரா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். நாகலிங்கம் அவளருகே பாசத்தோடு குனிந்தார்.

"பிள்ளை, சின்ன விரல் இன்னும் சுகமாய்த்தானே கிடக்கு? அதை இஞ்சாலை கொண்டா."