மெத்தை டாக்டரை ஆதாரம் காட்டிய கதை

"இதை நிஜமாவே நீதான் எழுதினியா?" என்று என் ஆய்வுக் கட்டுரையைக் காட்டிக் கேட்டார் எங்கள் கல்லூரிச் சமூகப்பணித் துறை மேடம். நானேதான். வேறு யாராவது எழுதியிருந்தால் இவ்வளவு கேவலமாக வந்திருக்காது.

தலைப்பு, துப்புரவுப் பெண்களின் முதுகுவலி. அம்மா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். வலிக்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. ஆனால் ஐந்து ஜர்னல் கட்டுரைகளை ஆதாரம் காட்டாவிட்டால் இன்டர்னல் மார்க் இல்லை, செமஸ்டர் பரீட்சையும் எழுத முடியாது என்றார் மேடம். ஜர்னல் கட்டுரை எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. (எல்லார் வீட்டிலும் காலை இட்லியோடு அதைத்தான் படிப்பார்கள் என்ற நினைப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளே நான்.)

அம்மாவிடம் புலம்பினேன். கம்பெனி ரிசப்ஷனில் கழித்துப்போட்ட பத்திரிகைகளில் ஐந்தை எடுத்து வந்தார். வழவழ தாள், வெள்ளைக் கோட்டு போட்டவர் படம். "பாரு பாப்பா, டாக்டரே எழுதியிருக்காரு" என்றார், படத்தை மட்டும் பார்த்து. படிக்கத் தெரிந்த நானும் அதையேதான் செய்தேன்.

வகுப்பின் முன் கம்பீரமாக வாசித்தேன்: உறுதியான மெத்தையே முதுகுவலிக்குத் தீர்வு என்கிறார் டாக்டர். மேடம் பத்திரிகையை வாங்கிப் புரட்டினார்.

"கீழே பொடி எழுத்துல என்ன இருக்கு, படி."

படித்தேன். 'விளம்பரப் பகுதி.'

"தலைகாணி ஃப்ரீயான்னு கேளுடி" என்றது பின்பெஞ்சு. (அம்மா இன்றும் பாயை விரித்துவிட்டு, "டாக்டர் சொன்ன மெத்தை ரெடி" என்கிறார்.)

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "எது ஜர்னல்னு ஒரு நாளாவது காட்டினீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தவர்களைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க" என்றேன். பின்பெஞ்சு அவசரமாக நோட்டைப் புரட்ட ஆரம்பித்தது. மேடம் ஒரு வாரம் அவகாசம் தந்தார்.

நூலகர் கணினியில் ஒரு ஜர்னல் கட்டுரையைத் திறந்து காட்டினார். எழுதியவர் எங்கே வேலை செய்கிறார், சுருக்கம், ஆய்வு நடந்த விதம், கடைசியில் நீளமான ஆதாரப் பட்டியல். அதே துறைக்காரர்கள் படித்துக் குறை சொல்லித் திருத்திய பிறகே வெளியாகுமாம். ஒரு படம் இல்லை. பத்தே நிமிட விஷயம். இதற்காகவா அத்தனை பேர் முன்னால் நிற்க வைத்தார்கள்?

அப்படி ஐந்து கட்டுரைகளைத் தேடி, அகராதி வைத்துப் படித்து, திரும்ப எழுதி, தேறினேன்.

போன திங்கட்கிழமை கல்லூரி முதல்வரிடம் மனு கொடுத்திருக்கிறேன்: முதலாண்டில் சேரும் எல்லோருக்கும் ஜர்னல் கட்டுரையைத் திறந்து காட்ட ஒரு மணி நேர வகுப்பு வேண்டும். வகுப்பெடுப்பவர் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன்.