சொல்லக்கூடாத மாப்பிள்ளை

"அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க" என்று மாதவன் சொன்னதுதான் தாமதம், எதிரே உட்கார்ந்திருந்த வெங்கடப்பனின் முகம் விழுந்துவிட்டது.

மகளுக்குப் பார்த்திருந்த கல்லாவி மாப்பிள்ளை திருமலைக்குக் கடன் உண்டா என்று கேட்கத்தான் அவர் சிங்காரப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் அந்தக் கல்லாவி வங்கியில் மாதவன் மேனேஜர். ஒருவர் கணக்கை இன்னொருவரிடம் சொல்வது விதிப்படி தப்பு. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒருவனைப் பற்றிச் 'சொல்லக்கூடாது' என்றால், வாய்விட்டுச் சொல்ல முடியாத அசிங்கம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் சம்பந்தம் முறிந்தது.

மறுநாள் திருமலை வந்து நின்றான்.

"ஒத்தப் பைசா வாங்கினதில்லீங்க சார் நானு. இல்லைன்னு சொல்றதுக்கு என்னாங்க?"

சிவகங்கைக்காரரான மாதவனுக்கு, முப்பத்தெட்டு வயதில், இப்போதுதான் ஒரு வரன் குதிர்ந்திருந்தது. கிருஷ்ணகிரிப் பெண், பேர் ஜெயப்ரியா, ஓசூரில் கம்பெனி வேலை. அவர் வேலை பார்க்கும் ஊரில் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குக்கர் விசிலைத் தவிர வேறு சத்தம் கேட்காத வீடு அவருடையது. ஊர் வாயில் விழ இதுவா நேரம்?

திருமலை கேட்டபடியே, அவனுக்குக் கடன் இல்லை என்று சான்று எழுதிக் கொடுத்தார். கல்யாணம் ஒட்டிக்கொண்டது. கூடவே வேறு வினையும் வந்தது. பெண் கொடுப்பவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையிடம் அந்தச் சான்றைக் கேட்க ஆரம்பித்தார்கள். காட்டாதவன் கடன்காரன் என்று ஊரே தெரிந்துகொண்டது. மாந்தோப்பு சின்னராஜ், கடன் வாங்கியிருந்த தன் கல்யாண வயசுப் பிள்ளைகளோடு வங்கிக்கே வந்து கத்திவிட்டுப் போனார்.

மாதவன் இன்னும் உஷாரானார். வழியில் ஒருவருக்கு வணக்கம் வைத்தால், அவர் கடன் வாங்கியவர் என்று யாராவது ஊகிக்கலாம். ஆகவே கடன் வாங்கியவருக்கு வணக்கத்தை நிறுத்தினார். அது பாரபட்சமாகத் தெரியுமே என்று வாங்காதவருக்கும் நிறுத்தினார். ஊரும் பதிலுக்கு நிறுத்திக்கொண்டது. ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் அவர் தவித்துப்போனார்.

கடைசியில் மனம் தாளாமல் நஞ்சம்மாவின் டீக்கடையில் ஊர்க்காரர்களைக் கூட்டி உருகிவிட்டார்.

"யார் யாரப் பத்திக் கேட்டாலும், நாம எல்லாரும் ஒரே பதிலச் சொல்லுவோம். அப்பத்தான் 'சொல்லக்கூடாது'ங்கிற வார்த்தைக்கு விஷம் போகும். யார் வீட்டுக் கல்யாணமும் நிக்காது."

எல்லாரும் தலையாட்டினார்கள். சின்னராஜ்கூட ஆட்டினார். அன்று மாதவனுக்குச் சோறு இறங்கியது.

அடுத்த வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து தரகர் போன் செய்தார். பெண் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். காரணம் கேட்டதற்கு, அதை வாயால் சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார்.

மாதவனுக்கு அழுகை முட்டியது. நேரே டீக்கடைக்குப் போனார். யார் தன்னைப் பற்றி என்ன கோள் சொன்னது என்று நஞ்சம்மாவிடம் கேட்டார்.

நஞ்சம்மா பதறிப்போய் டீ கிளாசைக் கீழே வைத்தாள்.

"கோளுங்களா? கார்ல வந்து வீடு வீடா விசாரிச்சாங்க சார், ஆனா எங்கள்ல ஒருத்தராச்சும் வாயத் தொறப்பமா, 'மேனேஜர் சாரப் பத்திச் சொல்லக்கூடாதுங்க'ன்னு ஊரே ஒத்துமையாச் சொல்லி அனுப்பிட்டோம்."