டீ கொண்டுவந்தவன்தான் கொலைகாரன்

முன்னாலேயே தெரிந்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. மழை பெய்தால், ‘காலையிலேயே நெனச்சேன்’ என்பார்கள். பெய்யாவிட்டால், ‘இது ஏமாத்துற மேகம்னு பாத்தாலே தெரியலியா?’ என்பார்கள். எதிர்வீட்டுப் பையன் பரீட்சையில் தேறினாலும் தேறாவிட்டாலும், கல்யாணம் நடந்தாலும் நின்றாலும், இவர்கள் முகத்தில் ஒரே ஒரு பாவனைதான் இருக்கும். ஏற்கெனவே பார்த்த படத்தை இரண்டாம் தடவை பார்க்கிறவருடைய அலுப்பு.

இவர்கள் இல்லாத நாடு கிடையாது. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரு சொல்கூடப் புரியாத மலைநாட்டு விடுதி ஒன்றில், திரையில் யாரோ கதவைத் திறந்துகொண்டு வந்ததும், கம்பளி போர்த்தியிருந்த ஒருவர் சுட்டுவிரலை நீட்டி ஏதோ சொன்னார். சுற்றியிருந்த அத்தனை பேரும் தலையணையை எடுத்து அவரை அடித்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் இந்த இனம் செழித்து வளர்வதற்கு ஏற்ற தட்பவெப்பம் நம்முடைய ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில்தான் இருக்கிறது. காரணம், ஷிப்ட் பஸ்.

எப்படி என்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூரில் நான் இப்போது தங்கியிருக்கும் பெண்கள் விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாடி. எல்லோரும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி. வெளிநாட்டு இன்ஜினியர்கள் பேசுவதைத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு. மற்றவர்களுக்கு லைனில் வேலை. விடுதிக்கு ஒரே டிவி. அதில் மத்தியானம் ஒரு சின்ன சேனலில் ஒரு கோர்ட் தொடர் வரும். ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு தேசத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, அதற்குப் பல காலம் கழித்துத் தமிழ் பேசவைத்தது. கோட் போட்ட ஒல்லி வக்கீல் வாயை மூடிய பிறகும் அவர் குரல் மட்டும் தனியாக வாதாடிக்கொண்டிருக்கும். ஞாயிறு தவிரத் தினம் ஒரு கொலை, ஒரு அப்பாவி, கடைசியில், சேனல் விளம்பரம் சொல்கிறபடி, கூண்டில் ஏறி ‘ஆம், நான்தான்!’ என்று கதறும் ஒரு கொலைகாரன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

எங்களுக்கு மட்டும் முடியாது. கொலைகாரன் வாயைத் திறக்கிற நேரத்துக்குச் சரியாகச் செகண்ட் ஷிப்ட் பஸ் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். ஃபர்ஸ்ட் ஷிப்ட்காரர்கள் அந்த நேரம் கம்பெனியில். நைட் ஷிப்ட்காரர்கள் தலையோடு போர்த்திக்கொண்டு தூக்கத்தில். மிச்சம் இருப்பவர் வார்டன் கோவிந்தம்மா. அவரோ பஸ் கதவு சாத்திய மறுநொடி, “எவ பாக்கறதுக்கு கரண்ட்ட எரிக்கணும்?” என்று டிவியை அணைத்துவிடுவார். செல்போனில் தேடினால் அந்தத் தொடரின் பெயர்கூட அகப்படாது. ஆக, எங்கள் விடுதியில் எந்தக் கொலைக்கும் முடிவு பார்த்தவர் ஒருவரும் கிடையாது.

அப்படியானால் தீர்ப்பு?

அதற்குத்தான் கனகலட்சுமி அக்கா.

சங்கரன்கோவில் பக்கம். லைன் லீடர். கொலை நடந்து முடிந்த பிறகே வருவார். முன்னால் வந்தால் மரியாதை இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, “யாரு செத்தது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். அப்புறம் திரையில் வருகிறவர்களை, லைனில் வரும் பாகங்களைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொருவராகப் பார்த்துத் தள்ளுவார். மீசைக்காரன், ரிஜெக்ட். குடிகார மருமகன், ரிஜெக்ட். பிறகு யாராவது ஒரு பரம சாது உள்ளே வருவான். அக்காவின் கை சாம்பார் சாதத்தோடு அப்படியே அந்தரத்தில் நிற்கும்.

“இவன்தான்.”

“எப்படிக்கா?”

“மூஞ்சியப் பாத்தாலே கொலகாரன்னு தெரியுதவன் கொல பண்ண மாட்டாம்ட்டி. அவனுக்கு மொறைக்கதுக்கே நேரஞ் சரியா இருக்கும். கேக்காமலே டீ கொண்டாரான் பாரு, குடை புடிக்கான் பாரு, அவனப் புடி.”

ஹாரன் கேட்கும். ஓடுவோம். வல்லம் தாண்டுகையில் அக்கா வாட்ச்சைப் பார்ப்பார். “இந்நேரம் ஒத்துக்கிட்டிருப்பான்.” பஸ் முழுக்கப் பெருமூச்சு. ஒரு நாளும் தப்பாத வாக்கு! தப்புவதற்கு ஒரு வாய்ப்பே கொடுக்கப்படாத வாக்கு என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களோடு தரக்கட்டுப்பாட்டைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற எனக்கே உறைக்கவில்லை.

இந்த இனம் தனியாக வளர்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்திலேயே ஒரு கொடி படர்ந்திருக்கும். எங்கள் அக்காவுக்கு அது தங்கமாரி. அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்குவாள், பஸ்ஸில் சன்னல் சீட்டில் பையைப் போட்டு இடம் பிடிப்பாள், அக்கா ஒன்று சொல்லி முடிக்கும் முன்பே, “அக்கா சொன்னா சொன்னதுதான்” என்று முத்திரை குத்துவாள். மறுநாள் காலை உப்புமா என்று அக்கா சொன்ன நாளில், சமையல்கார அம்மாவிடம் போய், “உப்புமாதான போடுதீங்க? உப்புமா போடுங்க” என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். உப்புமா ஆசை என்று நினைத்துவிட்டேன். உலகத்தில் யாருக்காவது உப்புமா ஆசை வருமா? யோசித்திருக்க வேண்டும்.

டிவிக்குள் இருந்த வரைக்கும் அக்காவின் வாக்கால் யாருக்கும் நஷ்டமில்லை. முத்துச்செல்வி விஷயத்தில்தான் அது வெளியே இறங்கியது.

முத்துச்செல்வி என் அறைத்தோழி. அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இசக்கிதுரைக்கு அவள்மேல் இஷ்டம், அவளுக்கும் அவன்மேல் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விடுதி வாசலுக்கு வருகிறேன், நேரில் சரி என்று சொன்னால் அடுத்த வாரமே வீட்டிலிருந்து ஆட்களை அழைத்துவருகிறேன் என்று சொல்லியிருந்தான். நல்ல சேதிதானே? அக்காவிடம் கொண்டுபோனாள். அக்கா குறுக்கு விசாரணை செய்தார்.

“எப்படிட்டி பழக்கம்?”

“என் ஐடி கார்டு தொலைஞ்சு போச்சுல்லா யக்கா, அவங்கதான் எடுத்துக் கொண்டாந்து குடுத்தாங்க.”

“கேக்காமலா?”

“கேக்காமதான்.”

அக்கா தங்கமாரியைப் பார்த்தார். தங்கமாரி கண்ணை மூடித் தலையை ஆட்டினாள்.

“வேற?”

“கேன்டீன்ல லைன்ல நிக்கும்போது... டீ வாங்கியாந்து குடுத்தாங்க.”

கூடம் முழுக்க மூச்சை இழுத்துப் பிடித்தது.

“டீ,” என்றார் அக்கா. “ஞாயித்துக்கெழம வரமாட்டான், பாத்துக்கோ. நீயா போன் கீன் போட்டு மானத்த வாங்காத.”

ஞாயிற்றுக்கிழமை முத்துச்செல்வி மாடியில் மூன்று சுடிதார்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ ரெடியாகுட்டி, நான் கேட்டுல நின்னு பாத்துக்கிடுதேன்” என்று தங்கமாரி கீழே போனாள். இருட்டியதும் மேலே வந்தாள். “வரலட்டி.” அக்கா நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முத்துச்செல்வி மூன்றாவது சுடிதாரோடு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். போனும் போடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சத்தமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் செல்போனில் ஒரு செய்தி தயாராக இருந்தது. அக்கா சொல்லச் சொல்ல அடித்தது. ‘இனிமேல் என்னிடம் பேச வேண்டாம். வீட்டில் வேறு இடம் பார்க்கிறார்கள்.’ அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

“இப்பமே அனுப்பணுமா யக்கா?” என்றாள் முத்துச்செல்வி.

“இன்னைக்குக் கொலகாரன் எவன்னு பாத்துட்டு அனுப்பு. மனசு தெளிஞ்சிரும்.”

அன்றைய கேஸைக் கேளுங்கள். ஒரு பட்டன் ஃபாக்டரி முதலாளி. கண்ணாடி உருண்டையைப் பார்த்துக் குறி சொல்லும் ஒரு ஜோசியக்காரி. ‘உங்கள் நாய் ஓடிப்போகும்’ என்றாள், ஓடிப்போனது. ‘உங்கள் வீட்டில் கண்ணாடி உடையும்’ என்றாள், உடைந்தது. ‘பௌர்ணமிக்குள் தண்ணீரில் கண்டம்’ என்றாள். முதலாளி குளியல் தொட்டியில் செத்துக் கிடந்தார். இவ்வளவு சரியாகச் சொன்னவள்தான் செய்திருக்க வேண்டும் என்று போலீஸ் அவளையே பிடித்துக் கூண்டில் ஏற்றிவிட்டது. முதலாளிக்கு வாரிசாக ஒரு மருமகன், கூடவே கேட்காமலே டீ கொண்டுவரும் ஒரு மேனேஜர்.

மேனேஜர் தட்டோடு உள்ளே வந்ததும் எங்கள் கூடமே அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்கா மெல்லச் சிரித்தார். “நான் வேற சொல்லணுமா?”

ஜோசியக்காரிக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும் ஒரு பொம்பளையைக் காட்டி, “இது யாருக்கா?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது சும்மா கூட்டத்துக்கு.”

அந்த நேரம் பஸ் டிரைவரிடமிருந்து குரூப்பில் ஒரு செய்தி வந்தது. வல்லம் பக்கம் ஒரு டிரெய்லர் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பஸ் வர அரை மணி நேரம் ஆகும்.

புரிகிறதா? முடிவைப் பார்க்கப் போகிறோம்! அக்கா மட்டும் சட்டென்று எழுந்து, “எல்லாரும் ரோட்டுக்கு நடந்து போயிருவமா? எதிர்க்கப் போனா சீக்கிரம் ஏறிரலாம்” என்றார். யாரும் அசையவில்லை. கோவிந்தம்மாகூட ரிமோட்டை மடியில் போட்டுக்கொண்டு, “குந்துமே, இன்னா அவசரம்? நானும் ஒரு நாளாச்சும் பாக்கறேன்” என்றார்.

ஒல்லி வக்கீல் மேனேஜரைக் கூண்டில் ஏற்றினார். இரண்டு கேள்வி கேட்டார். “நீங்கள் போகலாம்” என்றார்.

“போகலாமா?” என்றார் அக்கா.

“இவர் நல்லவர், கனம் நீதிபதி அவர்களே. சிலர் நல்லவராகவே இருந்துவிடுவதும் உண்டு.” வக்கீல் வாயை மூடினார். குரல் மட்டும் தொடர்ந்தது. “என் கேள்வி வேறு. இந்த ஜோசியம் பலிக்காமல் போனால் யாருடைய மனம் உடையும்? நாயை அவிழ்த்துவிட்டது யார்? கண்ணாடியை உடைத்தது யார்?”

கூட்டத்தில் குடைக்காரி எழுந்தாள். குடை கீழே விழுந்தது. “ஆம், நான்தான்! அம்மாவின் வாக்குப் பொய்க்கக் கூடாது! அதற்காகத்தான் எல்லாவற்றையும் நானே...” என்று கதறினாள்.

அவளைவிடச் சத்தமாக எங்கள் கூடத்திலிருந்து ஒரு கதறல் கேட்டது. தங்கமாரி. வாயில் தயிர் சாதம்.

“இன்னாத்துக்குமே அழுவுற? படம்மே, படம்!” என்றார் கோவிந்தம்மா.

“நான்தான்! முத்து, நான்தாம்ட்டி!”

“நீ இன்னா பண்ண?”

“அவங்க வந்தாங்கட்டி! ஞாயித்துக்கெழம வந்தாங்க. பூவெல்லாம் வாங்கிட்டு வந்திருந்தாங்க. நான்தான் நீ ஊருக்குப் போயிட்ட, உனக்கு இஷ்டமில்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். அக்கா வரமாட்டான்னு சொல்லிட்டாங்கல்லா... வந்தா அக்கா வாக்கு என்னத்துக்கு ஆகும்?”

கோவிந்தம்மா டிவியின் சத்தத்தை நிறுத்தினார். கறுப்பு வெள்ளை நீதிபதி சுத்தியலைத் தட்டினார், சத்தம் கேட்கவில்லை. முத்துச்செல்வி எழுந்து தங்கமாரியின் முன்னால் போய் நின்றாள். அறைவாள் என்று நினைத்தேன்.

“அந்தப் பூவ என்னட்டி பண்ணுன?”

“அவங்களே கேட்டுல வச்சிட்டுப் போயிட்டாங்க. நான்... அக்காட்ட குடுத்துட்டேன்.”

அக்காவின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. இரண்டு நாள் வாடிய முல்லை இன்னும் அங்கேயே இருந்தது.

முத்துச்செல்வி செல்போனை எடுத்தாள். அக்கா சொல்லிக்கொடுத்த செய்தியை அழித்தாள். கூடத்தின் நடுவில் நின்றபடியே இசக்கிதுரைக்குப் போன் போட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவன் எடுத்தான்.

“ஊர்லருந்து வந்துட்டீங்களா? சாப்ட்டீங்களா?”

“சாப்டீங்களாங்கான், பாத்தியா?” என்று அக்கா பழக்க தோஷத்தில் முணுமுணுத்தார். கோவிந்தம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதோடு சரி.

“நான் ஊருக்கே போகல,” என்றாள் முத்துச்செல்வி. “இந்த ஞாயித்துக்கெழம வாங்க. கேட்டுல நானே நிப்பேன். வீட்டுலருந்து ஆளுகளையும் கையோட கூட்டிட்டு வந்துருங்க.”

அந்தப் பக்கம் எதுவோ கட்டிலிலிருந்து விழுந்த சத்தம் கேட்டது. அவனாகத்தான் இருக்க வேண்டும்.

பஸ் வந்தது. ஏறினோம். சன்னல் சீட்டில் யாரும் பை போட்டு வைக்கவில்லை. அக்காவே போய் உட்கார்ந்தார். இந்த இனத்தின் கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வல்லம் தாண்டியது. அக்கா தொண்டையைச் செருமினார்.

“தங்கமாரி அன்னைக்கு மாடியேறி வந்த நடையே சரியில்ல. நான் அப்பவே நெனச்சேன், இவதான்னு.”

“அப்ப ஏன்க்கா சொல்லல?” என்றாள் முத்துச்செல்வி.

“நீயா கண்டுபிடிக்கட்டும்னுதான்.”

பின் சீட்டிலிருந்து, கண் வீங்கி, மூக்கை உறிஞ்சியபடி ஒரு குரல் வந்தது. “அக்காவுக்குத் தெரியாம இருக்குமா?”

பஸ்ஸில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தங்கமாரி கேட்டுக்குப் போன இடத்திலேயே, பக்கத்தில் இருப்பவரிடம், “இவதான் ஏதோ பண்ணிருக்கா” என்று சொல்லி, பாவம், அவர் படிக்கிற சுகத்தையும் கெடுத்தீர்களே, அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். சொல்லவில்லையா? உண்மையிலேயே உங்களுக்குத் தெரியவில்லையா? பரவாயில்லை. நாளைக்கே இதை வேறு யாருக்காவது சொல்லும்போது, “எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும்” என்றுதான் தொடங்கப்போகிறீர்கள்.

வேண்டுமானால் பாருங்கள். நான் இப்போதே சொல்லிவிட்டேன்.