பின் அறைக்குப் பின்னால் ஒரு சாலை

மஞ்சள் பெயின்ட் பூசிய முளைக்குச்சி ஒன்று பின் அறை ஜன்னலுக்கு நேர் கீழே நின்றிருந்தது. அது சாலைக்கு அளவெடுத்து நட்டது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குப் பார்த்ததும் புரிந்தது. கிட்டப்பார்வை, தூரப்பார்வை எதுவானாலும் ஊராருக்குச் சரிசெய்து கொடுக்கிறவர் அவர். தன் வீட்டுக்குப் பின்னால் வருவது மட்டும் எப்போதும் கடைசி நிமிஷத்தில்தான் அவர் கண்ணில் படும்.

"தம்பி, வெளியில யாரு?" ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

"யாருமில்லக்கா. நான்தான்."

"நீன்னு தெரியுது. வேற யாராவது வந்தாங்களா?"

"இங்க யாரு வரப்போறாங்க? நீ தூங்கு."

"இப்பத்தானே எந்திரிச்சேன். மறுபடி தூங்கவா?"

அவர் குச்சியைப் பிடுங்கி முட்செடிக்குள் எறிந்தார். தூசி போகக்கூடாதே என்று ஜன்னல் கதவையும் வெளியிலிருந்து சாத்தினார்.

வீட்டு வரிசைக்குப் பின்னால் நீளமாகக் கிடந்த அந்த நிலம், ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு சாலைக்காக எந்தக் காலத்திலோ ஒதுக்கப்பட்டது. வரைபடத்தில் கோடு போட்டவர்கள் ஓய்வு பெற்றார்கள். சிலர் போய்ச் சேர்ந்தும் விட்டார்கள். சாலை வரவில்லை. புல் வந்தது, முள் வந்தது, யார் வீட்டிலோ உடைந்த கழிப்பறைப் பீங்கான் வந்தது. வெறும் நிலம் அலுத்துப்போய்ப் படுத்துக் கிடந்தது.

அக்காவும் அப்படித்தான் படுத்திருந்தாள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்ததும், கடை வைத்துக் கொடுத்ததும் அவள்தான். தம்பிக்கு முதலில் முடியட்டும் என்று அவளும், அக்காவுக்கு முதலில் முடியட்டும் என்று அவரும் காத்திருந்ததில் இருவருக்குமே கல்யாணம் நடக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்து அவள் படுக்கையில் விழுந்தபோது கடையின் மூலையிலேயே ஒரு திரையைப் போட்டுக் கட்டிலைப் போட்டார். கண்ணாடி வாங்க வருகிறவர்களெல்லாம் திரையை விலக்கிப் பேச ஆரம்பித்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இது கடையா, ஆஸ்பத்திரியா? இவங்களுக்கு ஓய்வு வேணும். தனி ரூம் வேணும். முடியலைன்னா நல்ல முதியோர் இல்லமா பாத்துச் சேத்துடுங்க."

'இல்லம்' என்ற சொல் கடைக்காரரின் நெஞ்சில் முள்ளாக இறங்கியது. உடனே பின்பக்கம் ஓர் அறை கட்டினார். வாழ்நாளெல்லாம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கியவள், இனிமேலாவது நிம்மதியாகக் கிடக்கட்டும் என்று தெருச்சத்தம் எட்டாத கோடியில் கட்டினார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கட்டில் தலைமாட்டில் ஒரு தொலைபேசியும் வைத்தார். சொந்த இடம் போதவில்லை. அறையின் ஒரு பக்கம் சாலைக்கு ஒதுக்கிய நிலத்தில் காலை நீட்டிக்கொண்டது. அது அவருக்கும் கொத்தனாருக்கும் மட்டுமே தெரியும். கொத்தனார் எங்கோ வெளியூர் போய்விட்டார்.

இப்போது அந்த அறை போனால் அக்காவை எங்கே வைப்பது? டாக்டர் சொன்ன இடத்தைத் தவிர வேறு வழியில்லை.

மறுநாளே நில அளவை அலுவலகத்திலிருந்து சர்வேயர் அம்மா முக்காலிக் கருவியோடு வந்து நின்றாள்.

"இங்க ஒரு குச்சி நட்டிருந்தோமே சார்?"

"நாய் ஏதாவது பிடுங்கிட்டுப் போயிருக்கும்."

"பரவால்ல. குச்சி காணாமப் போனா முழுசா மறுபடி அளக்கணும். அதுதான் விதி."

அளந்தாள். கருவிக்குள் ஒரு கண்ணை விட்டு வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"முந்தி வந்தவங்க பழைய டேப்புல அளந்திருக்காங்க சார். அந்தக் கணக்குல உங்க ரூம் தப்பிச்சிருந்தது. குச்சி இருந்திருந்தா நானும் அப்படியே விட்டுட்டுப் போயிருப்பேன். இப்ப இந்த ரூம்ல பாதி ரோட்டுக்குள்ள வருது."

கடைக்காரருக்குத் தன் கையைத் தானே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பழைய டேப் ஒன்றுதான் இந்த உலகத்தில் அவர் பக்கம் இருந்திருக்கிறது. அதையும் அவரே பிடுங்கி எறிந்துவிட்டார்.

"ஏதாவது வழி இருக்காம்மா?"

"மக்கள்கிட்ட கருத்துக் கேக்கற கூட்டம் ஒண்ணு வருது. நிலம் வேற உபயோகத்துல இருக்குன்னு காட்டினா யோசிப்பாங்க." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "அதை ஏன் சார் சாத்தி வெச்சிருக்கீங்க?"

"தூசி."

அவள் கருவியை மடக்கினாள்.

அன்று சாயங்காலமே தெருச் சங்கம் கண்ணாடிக் கடையில் கூடியது. சங்கத் தலைவருக்குத் தெருவில் 'தீர்மானம்' என்று பெயர். பூனைகளுக்கு எதிராகக்கூட ஒருமுறை தீர்மானம் நிறைவேற்றியவர். பூனைகள் கட்டுப்படவில்லை என்பது வேறு விஷயம்.

"ரோடு வந்தா நல்லதுதானே?" என்றார் டாக்ஸிக்காரர். "சிக்னல்ல நின்னே என் ஆயுசு போகுது."

"பூங்கா வரணும்," என்றார் பேக்கரிக்காரர்.

"பூங்கா வந்தா காதலிக்கறவங்க வருவாங்க," என்றார் தீர்மானம்.

"வரட்டுமே. பன்னு வாங்குவாங்க."

கடைக்காரர் குறுக்கிட்டார். "எதுவுமே வேணாம். இப்ப இருக்கற மாதிரியே கிடக்கட்டும். ஆனா உபயோகத்துல இருக்குன்னு காட்டணுமாம்."

உபயோகிக்காமல் வைத்திருப்பதற்காக உபயோகிப்பது எப்படி என்று சபை சற்று நேரம் விழித்தது. தீர்மானம்தான் வழி சொன்னார்.

"நடப்போம். தினம் காலையில எல்லாரும் அந்த நிலத்துல நடக்கறோம். காலங்காலமா நடந்துக்கிட்டிருக்கோம்னு சொல்றோம். தீர்மானம் ஏகமனதா நிறைவேறியது."

"நான் ஒத்துக்கலையே," என்றார் டாக்ஸிக்காரர்.

"உங்களைத் தவிர ஏகமனதா."

மறுநாள் காலை தெருவே நடந்தது. கடைக்காரர் முழங்கால் வலியோடு முன்னால் போனார். ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கினார். ஆனால் வாயை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. உள்ளே ஜன்னல் கொக்கி விழும் சத்தம் கேட்டது. அக்கா கட்டிலிலிருந்தே கைத்தடியால் கதவைத் தள்ளித் திறந்திருந்தாள்.

"சத்தத்துல முழிச்சிட்டியாக்கா? மன்னிச்சுக்க."

"பரவால்லடா. அது யாரு, நீலச் சட்டை?"

"பேக்கரிக்காரர். கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்றேன்."

"வேணாம், பாவம்."

எவ்வளவு பொறுமை என்று அவருக்குக் கண் கலங்கியது. உள்ளே போய் அக்காவின் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

இத்தனை பேர் தினமும் மிதித்ததில் புல் செத்தது. புல் செத்த இடத்தில் ஒற்றையடிப் பாதை ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பாதையைப் பார்த்த ஸ்கூட்டர்காரர்களுக்கு சிக்னலில் நிற்க என்ன தலையெழுத்தா? முதலில் ஒருவர் வந்தார், அவர் போய் நாலு பேரிடம் சொன்னார். கொஞ்ச நாளில், அரசாங்கம் ஒரு தலைமுறையாகப் போடாத சாலையைத் தெருச் சங்கம் செருப்பாலேயே போட்டு முடித்திருந்தது.

கடைக்காரர் இரண்டு பெரிய கற்களை உருட்டிப் பாதையின் குறுக்கே போட்டார். ஸ்கூட்டர்கள் கல்லைச் சுற்றிக்கொண்டு அக்காவின் சுவரை உரசியபடி போயின. வண்டிப் புகை இப்போது நேராகவே அறைக்குள் வந்தது.

கல் உதவாது என்று ஒரு பலகை எழுதி நட்டார். 'நோயாளி இருக்கிறார். மெதுவாகச் செல்லவும். ஒலி எழுப்பக் கூடாது.' பலகை இருந்தால் அது சாலைதான் என்று அதுவரை தயங்கிக்கொண்டிருந்த கார்காரர்களும் முடிவுக்கு வந்தார்கள். முன்னால் போகிறவர் பலகையை மதித்து மெதுவாகப் போனார். பின்னால் வருகிறவருக்குப் பலகை தெரியவில்லை. அவர் ஒலி எழுப்பினார். ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. டாக்ஸிக்காரர் கண்ணாடியை இறக்கிக் கடைக்காரருக்கு நன்றிகூடச் சொன்னார்.

"சிக்னலை விட இது பரவால்ல சார். நல்ல வேலை பண்ணினீங்க."

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அறைக்குள் அக்கா தலையைப் படிய வாரி, நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் சாப்பாடு மிச்சமில்லை. பதற்றத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. இந்த அமளியில் எந்த நேரம் என்ன ஆகுமோ என்று பயந்துபோய்த்தான் இப்படித் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

"பயப்படாதக்கா. உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன். எல்லாத்தையும் நிறுத்திக் காட்டறேன்."

"எதுக்குடா நிறுத்தணும்?" என்றாள் அக்கா. "உனக்குத்தான் முழங்கால் வலிக்குது. பேசாம உக்காரு."

இந்த நிலையிலும் தன் முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிற அக்காவை நினைத்து, கடைக்குப் போய்ச் சோதனைக் கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து கடைக்காரர் கொஞ்ச நேரம் அழுதார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. குழந்தைகளுக்கான பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அதிகாரி; பக்கத்தில் குறிப்பெடுக்க சர்வேயர் அம்மா. சாலை வேண்டும் என்கிறவர்கள்தான் அதிகம். வண்டிகள் ஏற்கெனவே ஓடுவதால் தார் ஊற்றுவது ஒன்றுதான் பாக்கி என்று டாக்ஸிக்காரர் பேசிக் கைத்தட்டல் வாங்கினார். பேக்கரிக்காரர் பூங்காவைப் பற்றிப் பேசி, இடையில் பன்னைப் பற்றியும் பேசியதில் உட்காரவைக்கப்பட்டார். தீர்மானம் கொண்டுவந்த தீர்மானத்தை அவருக்கே படிக்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

கடைசியில் கடைக்காரர் எழுந்தார். எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்ததைச் சொன்னார்.

"ரோட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எனக்கு ஒரே ஒரு அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தாங்க. யாரோ யாரோடயோ பேசறதுக்காக ராப்பகலா முழிச்சிருந்தாங்க. அவங்க காதுக்குள்ள இந்த ஊரே சத்தம் போட்டிருக்கு. இப்ப படுத்துட்டாங்க. அந்த ரூம்ல கொஞ்சம் உங்க நிலத்துல இருக்கறது உண்மைதான். தெரிஞ்சேதான் கட்டினேன். தப்புத்தான். அதை இடிச்சா அவங்களை இல்லத்துலதான் சேக்கணும். என்னை வளத்தவங்களுக்கு நான் குடுக்கறதுக்கு வேற என்ன இருக்கு? கொஞ்சம் அமைதி. அதையும் குடுக்க முடியலைன்னா நான் எதுக்குத் தம்பின்னு இருக்கேன்?"

முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பார்த்தால் டாக்ஸிக்காரர்.

"எங்கம்மாவும் கடைசியில இப்படித்தான் கிடந்தாங்க," என்றார் அவர். "எனக்கு ரோடு வேணாம். நான் சிக்னல்லயே நின்னுக்கறேன்."

கைகள் உயர்ந்தன. இம்முறை உண்மையிலேயே ஏகமனதாக. சாலைத் திட்டம் கைவிடப்படும், அறையை யாரும் தொட மாட்டார்கள், நிலத்தின் இரு முனைகளும் அடைக்கப்பட்டு இனி எந்த வண்டியும் எந்தக் காலும் உள்ளே போகாதபடி பார்த்துக்கொள்ளப்படும் என்று அதிகாரி அறிவித்தார்.

தீர்மானத்தால் சும்மா இருக்க முடியவில்லை. "நம்ம கண்ணாடிக் கடைக்காரரோட பாசத்தைப் பாராட்டி, அவர் அக்கா ஜன்னலுக்கு எதிர்ல உயரமா ஒரு சுவரும் எழுப்பித் தரணும்."

"ஆமாங்க," என்றார் கடைக்காரர் நெகிழ்ந்துபோய். "சுவர் இருந்தா ஒரு சத்தம்கூட வராது."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சர்வேயர் அம்மா பேனாவை நிறுத்தினாள். "சுவரைப் பத்தி உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதிக்கவா சார்?"

"அவங்க எதையும் வாய்விட்டுக் கேக்கற பழக்கம் இல்லாதவங்கம்மா. எழுதிக்குங்க."

அவள் எழுதிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்காதவர் இல்லை. பேக்கரிக்காரர் அக்காவுக்கென்று ஒரு பொட்டலம் பன் கொடுத்தார். கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவிடம் இதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி மலரும் என்று யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். அங்கே சர்வேயர் அம்மா தனியாக நின்றிருந்தாள்.

"ரொம்ப நன்றிம்மா. அக்கா இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குவாங்க."

அவள் எங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"சார், இந்த ரோட்டை எங்க ஆபீஸே மறந்துபோயிருந்தது, உங்க அக்காதான் தினம் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ரூம் இடிபடும்னு சொன்னதுக்குக்கூட 'இடிஞ்சா இடியட்டும்மா, போறவங்க வர்றவங்க நாலு பேர் முகத்தைப் பாத்தாப் போதும்'னாங்க, அதனால ரோடு வராதுன்னு அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்கு வாய் வரலை."