இரண்டேகால் மடங்கு

அடுத்த வருடக் காலண்டரில் தான் எடுத்த மீன்கொத்திப் படம் வந்தே தீர வேண்டும் என்று தராசு ஆய்வாளர் தீர்மானித்தார். அப்போது அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே யாரிடமும் சொல்ல முடியவில்லை. துப்பிவிட்டு வருவதற்குள் தீர்மானம் இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிட்டது.

"பெரிய லென்ஸ் வாங்கப் போறேன்," என்று மனைவியிடம் அறிவித்தார்.

"முதல்ல வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க," என்றாள் மனைவி.

அவர்கள் குடியிருந்தது ஒரு நான்கு மாடிக் கட்டடம். அங்கே குடியிருப்பவர்கள் எடுத்த படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து வருடா வருடம் ஒரு காலண்டர் போடுவார்கள். ஆய்வாளர் இரண்டு முறை மீன்கொத்தியை அனுப்பினார். இரண்டு முறையும் அது திரும்பிப் பறந்து வந்தது. முதல் முறை, 'நீல மேகம் அழகாக இருக்கிறது. ஆனால் மேகம் ஏற்கெனவே ஒன்று வந்துவிட்டது' என்று ஒரு சீட்டும் கூடவே வந்தது. இரண்டாம் முறை சீட்டுகூட இல்லை. அந்த வருடம் எதிர்வீட்டுப் பல் டாக்டரின் பூனை மார்ச் மாதத்தில் இடம்பிடித்தது. முப்பத்தொரு நாள் அது ஆய்வாளர் வீட்டுச் சுவரிலேயே உட்கார்ந்துகொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தது.

ஆய்வாளரிடம் இருந்தது லென்ஸைக் கழற்ற முடியாத டிஜிட்டல் கேமரா. ஆறு வருடமாக அதை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. மனைவி கை நீட்டினால், "தொடாதே, உனக்குக் கை ஆடும்," என்பார். அவளுக்கு அவர் ஒதுக்கியிருந்த வேலை ஒன்றுதான். அவர் படம் எடுத்து முடிக்கும்வரை லென்ஸ் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். அவளும் நின்றாள். பூங்காவில் நின்றாள், மச்சினி கல்யாணத்தில் நின்றாள், மழையிலும் ஒருமுறை நின்றாள். அவளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். வீறிட்டு அழுகிற கைக்குழந்தைக்கு ஒரே குத்தில் நரம்பு கண்டுபிடிக்கிற கை அவளுடையது. அந்தக் கையில்தான் ஆறு வருடமாக மூடி இருந்தது.

சனிக்கிழமை இருவரும் கேமராக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மேஜைமேல் இரண்டு கன்வர்ட்டர்களை எடுத்து வைத்தார். கன்வர்ட்டர் என்பது கேமராவில் இருக்கிற லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் இன்னொரு லென்ஸ். தூரத்தில் இருப்பதை அது இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு வரும்.

"இது ஒன்றரை மடங்கு சார். லேசு. இது ரெண்டேகால் மடங்கு. தூக்கிப் பாருங்க."

ஆய்வாளர் பெரியதைத் தூக்கினார். கண்ணை மூடினார்.

"நானூத்து முப்பது கிராம்."

கடைக்காரர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "நானூத்து நாப்பதுன்னு போட்டிருக்கு சார்."

"மூடியோட சேர்த்துப் போட்டிருக்காங்க. மூடி பத்து கிராம். கழிச்சுக்குங்க."

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். "வீட்லயும் இப்படித்தாங்களா?"

"உப்பு போடறப்பகூட," என்றாள் மனைவி.

"ஸ்டாண்ட் வெச்சு எடுப்பீங்களா சார்?"

"கையிலதான்." வேறு வழியில்லை. அவர்கள் வீட்டுப் பால்கனியில் வாஷிங் மெஷின் போக மிச்சமிருந்த இடத்தில் ஸ்டாண்டை விரித்தால், ஆள் வெளியே தொங்கிக்கொண்டுதான் படம் எடுக்க வேண்டும்.

"கையிலன்னா சின்னதே போதும் சார். பெரிசு, பறவையை மட்டும் பெரிசாக்காது. உங்க கை நடுக்கத்தையும் சேர்த்து ரெண்டேகால் மடங்கு ஆக்கிடும்."

"யாருக்கு நடுக்கம்? இருபத்திரண்டு வருஷமா தராசு முள்ளைப் பார்த்த ஆளுய்யா நான்!"

"முள்ளைப் பார்த்தது கண்ணுதானே? கை எங்க பார்த்துச்சு?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. மூடியைப் பிடி."

பேச்சு வளர்ந்தது. கடைக்காரருக்கு மற்ற வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அதனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. வீட்ல எடுத்துப் பாருங்க. நாளைக்குச் சாயங்காலம் ஒண்ணைத் திருப்பிக் குடுங்க," என்று பையில் போட்டுக் கொடுத்தார்.

வீடு வந்து சேர்ந்ததும் ஆய்வாளர் ஆள்காட்டி விரலை உயர்த்தினார். அலுவலகத்தில் அவர் அப்படி உயர்த்தினால் மளிகைக் கடைக்காரர்கள் வாயடைத்து நிற்பார்கள்.

"வாய்ப்பேச்சே வேண்டாம். சோதனை வைப்போம். சின்னதுல பத்து படம், பெரிசுல பத்து படம். எது தெளிவா இருக்கோ அது வீட்டுல இருக்கட்டும், மத்தது கடைக்குப் போகட்டும்."

"எது தெளிவுன்னு யார் சொல்றது?"

"நான்தான். வேற யாரு?"

"நீங்களே எடுத்து, நீங்களே பார்த்து, நீங்களே மார்க் போடுவீங்களா?"

"ஏன், நான் நேர்மையில்லாதவனா?"

"உங்களைச் சொல்லலீங்க. கண்ணைச் சொல்றேன். எங்க கூடத்துல ரத்தக் குழாய் மேல பேரே இருக்காது, நம்பர்தான் இருக்கும். எது யாருதுன்னு தெரிஞ்சா கண்ணு அதுக்கேத்த மாதிரி பார்க்கும். படத்தையெல்லாம் கலைச்சு நான் நம்பர் போட்டுத் தரேன். எந்த நம்பர் எந்த லென்ஸுன்னு எழுதிக் கவர்ல போட்டு ஒட்டி வெச்சிடறேன். நீங்க நம்பரை மட்டும் பார்த்துத் தெளிவானதைப் பொறுக்குங்க. அப்புறம் கவரைப் பிரிப்போம்."

ஆய்வாளர் யோசித்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவரே போட்டிருக்க வேண்டிய விதி. "சரி," என்றார்.

சொல்லிவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு நழுவினார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வலது கையை நீட்டிப் பார்த்தார். ஆடவில்லை. பெரிய லென்ஸை மாட்டிய கேமராவோடு நீட்டிப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த கேமரா, 'இல்லை, இல்லை' என்று தலையாட்டியது.

தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டியவர்கள், தட்டை முழங்காலால் தாங்கியவர்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே சுண்டுவிரலால் அழுத்தியவர்கள் என்று இருபத்திரண்டு வருடத்தில் அவர் பிடிக்காத ஆள் இல்லை. தப்பு செய்கிறவன் எப்படிச் செய்வான் என்பது அவருக்கு விரல்நுனியில் இருந்தது. அந்த விரல் இப்போது தராசுத் தட்டை நோக்கி மெதுவாக நகர்ந்தது.

ஞாயிறு காலை மீன்கொத்தி வழக்கம்போல் வந்து, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த குளத்தின் இரும்புக் கம்பத்தில் உட்கார்ந்தது. ஆய்வாளர் சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போனார். கேமராவைக் கண்ணருகே வைத்துப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கையை முழு நீளத்துக்கு நீட்டி, பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான் எடுப்பார். அன்று அதோடு ஒற்றைக் காலிலும் நின்றுகொண்டார். பத்துப் படத்துக்கு இரண்டு தும்மல், மூன்று இருமல், ஒரு கொட்டாவி.

"உடம்பு சரியில்லையா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இந்தச் சின்ன லென்ஸே எனக்கு ஒத்துக்கலை," என்றார்.

அடுத்தது பெரியது. "சூடா ஒரு டீ போடேன்," என்று மனைவியை அடுப்படியிலேயே நிறுத்தினார். படுக்கையறைக்குப் போய்ப் பூனை நடை நடந்து தலையணையை எடுத்து வந்தார். பால்கனியின் இரும்புக் கம்பித் தடுப்பின் மேல் அதை வைத்தார். தலையணைமேல் லென்ஸைச் சாய்த்தார். லென்ஸ், தொட்டிலில் போட்ட குழந்தைபோல் படுத்துக்கொண்டது. பக்கத்தில், தடுப்போடு ஒட்டிக்கொண்டு வாஷிங் மெஷின் துணி பிழிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அது பிழிவதும் சுவர்க் கடிகாரம் ஓடுவதும் அவருக்கு ஒன்றுதான். காதில் விழவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்துப் படம் எடுத்தார். டீ வருவதற்குள் தலையணை கட்டிலுக்குப் போய்விட்டது.

"முடிஞ்சுது. கார்டை எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டு நம்பர் போடு. நான் குளிச்சுட்டு வரேன்," என்று கேமராவை நீட்டினார்.

"நான் தொடலாமா?"

"கார்டு எடுக்கிறதுக்கு மட்டும்."

அன்று அவர் பாடிக்கொண்டே குளித்தார். வெகுநேரம் குளித்தார்.

மாலை நான்கு மணிக்கு எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்தார். இந்த வருடம் காலண்டருக்குப் படம் சேர்க்கிற பொறுப்பு அவருடையது. ஐந்து மணியோடு கடைசி.

"மீன்கொத்தி இருக்கா, இல்ல மறுபடியும் மேகமா?" என்று சிரித்தார். பல் டாக்டர் சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியும்.

"உக்காருங்க டாக்டர். நீங்கதான் சாட்சி," என்றார் ஆய்வாளர்.

கம்ப்யூட்டரில் ஒன்று முதல் இருபது வரை எண் போட்ட படங்கள் வரிசையாக இருந்தன. முதல் படத்தில் மீன்கொத்தி புகையாக இருந்தது. இரண்டாவதில் அதற்கு இரண்டு தலை. மூன்றாவது வந்ததும் டாக்டரே நாற்காலியை முன்னால் இழுத்தார். நீல முதுகில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. அலகில் ஒரு மீன். மீனின் கண்ணில் ஆச்சரியம்கூடத் தெரிந்தது.

ஆய்வாளர் ஆள்காட்டி விரலை உயர்த்தினார். "இது பெரிய லென்ஸ். எழுதி வெச்சுக்குங்க டாக்டர். இப்படி ஒரு படத்தைச் சின்னது பெத்துப் போடாது."

நான்கு முதல் எட்டு வரை மீண்டும் புகை. ஒன்பது பிரமாதம். பதினான்கும் இருபதும் அதைத் தூக்கிச் சாப்பிட்டன. மற்ற பதினாறும் மேகங்கள்தாம். ஆய்வாளர் அலுவலகப் பழக்கத்தில் ஒரு தாளை எடுத்து, 'எண் 3, 9, 14, 20 ஆகியவற்றை நேரில் ஆய்வு செய்தேன். எடுத்தவரின் கையில் எவ்வித ஆட்டமும் இல்லை எனச் சான்றளிக்கிறேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். டாக்டரிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கினார்.

"இப்ப கவரைக் கொண்டா."

மனைவி காபித்தூள் டப்பாவுக்கு அடியிலிருந்து கவரை எடுத்து வந்தாள். ஆய்வாளர் பிரித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே 'சி' என்றோ 'பெ' என்றோ எழுதியிருந்தது. ஆனால் மூன்றுக்கு எதிரே 'க' என்று இருந்தது. ஒன்பதுக்கும் 'க'. பதினான்கு, இருபதுக்கும் 'க'.

"சி-ன்னா சின்னது. பெ-ன்னா பெரிசு. க-ன்னா என்ன? கணவரா?" என்று கேட்டார் டாக்டர்.

"கண்ட்ரோல், டாக்டர்," என்றாள் மனைவி. "எங்க கூடத்துல எப்பவும் வைப்போம். எல்லா ரிசல்ட்டும் மோசமா வந்தா, தப்பு மெஷின்லயா, ரத்தத்துலயான்னு தெரியணும் இல்லையா? அதனால நல்லதுன்னு தெரிஞ்ச சாம்பிள் ஒண்ணையும் நடுவுல கலந்து விடுவோம். இவர் சின்னதுல எடுத்த பத்துல நாலுல பறவையே இல்லை, வெறும் கம்பம்தான். அந்த நாலையும் தூக்கிட்டு, பெரிய லென்ஸ்லயே நான் எடுத்த நாலைப் போட்டேன். இவர் குளிச்சுட்டு இருந்தாரு. பறவையும் பொறுமையா உக்காந்திருந்தது."

"எதுமேலயாவது சாய்ச்சு வெச்சு எடுத்தியா?" ஆய்வாளரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கையிலதான். முழங்கையை விலாவோட ஒட்டிக்கிட்டு, கேமராவைக் கண்ணுல வெச்சு, பாதி மூச்சு விட்டுட்டு, மெதுவா ஒரு அழுத்து. ஊசி போடற மாதிரிதான். அப்போ லென்ஸ் மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சு. இல்லீங்களா?"

"என்னோட பெரிசு பத்தும் எப்படி ஆடிச்சு? ஆடவே முடியாதே!" என்று துள்ளினார் ஆய்வாளர். அவர் கண் பால்கனிப் பக்கம் போயிற்று. தடுப்போடு ஒட்டிக்கொண்டு நின்ற வாஷிங் மெஷினில் போய் நின்றது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நீ ஏன் அந்த நேரத்துல மெஷினைப் போட்டே?"

"ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு எப்பவும் போடறதுதானே? அது ஓடினா கம்பித் தடுப்பு ஆடும். கையில பிடிச்சு எடுக்கிறவருக்கு அதனால என்ன?"

ஆய்வாளர் வாயைத் திறந்தார். தலையணையைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. வாயை மூடினார். டாக்டர் அதை ஒரு பல் டாக்டருக்கே உரிய அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, தலையணை உறையில டீ நிறத்துல துரு பட்டிருக்கே, எப்படிங்க?" என்றாள் மனைவி. பிறகு, பதில் தேவையில்லை என்பதுபோல், "சரி, அடுத்த வாரம் துவைச்சுக்கலாம்," என்றாள்.

சின்ன லென்ஸ் அன்று மாலையே கடைக்குத் திரும்பியது. ஒன்பதாம் எண் படம் காலண்டரில் ஆகஸ்ட் மாதத்தைப் பிடித்தது. படத்துக்குக் கீழே மனைவியின் பெயர் இருந்தது. ஆய்வாளரின் சான்றிதழைக்கூட டாக்டர் விடவில்லை. அது கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் தொங்கியது.

சோதனைக்கு அடுத்த ஞாயிறு காலை மீன்கொத்தி வந்தது. மனைவி பால்கனிக்குப் போனாள். முழங்கையை விலாவோடு சேர்த்துக்கொண்டாள். ஆய்வாளர் பழக்கத்தில் கேமராவை நோக்கிக் கை நீட்டினார்.

"நல்லதாப் போச்சு, நீங்களே கையை நீட்டிட்டீங்க," என்று அவள் அந்தக் கையில் லென்ஸ் மூடியை வைத்தாள்.

பத்து கிராம் சரியாக இருந்தது.